இறுதிக்கால நோயாளர் உள்ள கத்தோலிக்கக் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி: பங்குப் பதிவு முதல் இறப்புச் சான்றிதழ் வரை

ஊரில் தனியே இருந்த அப்பாவைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்து வந்து, அவருடைய கடைசி மாதங்களை வாடகை வீட்டிலும் மருத்துவமனைகளிலுமாகக் கழித்த குடும்பம் எங்களுடையது. எந்த அருட்தந்தையை அழைப்பது, மருத்துவமனை நீட்டும் படிவங்களில் எதில் கையெழுத்திடலாம், செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று சொல்வது பாவமா, அடக்கத்துக்கு எந்தக் கல்லறையில் இடம் கேட்பது என்ற ஒவ்வொரு கேள்விக்கும் நெருக்கடியின் நடுவில்தான் விடை தேட வேண்டியிருந்தது. இவற்றில் பெரும்பாலானவை நோயாளர் தெளிவாகப் பேசும் நாட்களிலேயே முடித்துவிடக் கூடியவை. நகரப் பங்குக்கு (ஒரு கோயிலைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகத்துக்கு) புதிதாக வந்திருக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்து, செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. வந்த வாரத்திலேயே பங்கில் பதிவு செய்யுங்கள்

ஓர் இடத்தில் மூன்று மாதம் வசித்திருந்தாலோ, மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்திருந்தாலோ, திருச்சபைச் சட்டப்படி அந்தப் பங்குத்தந்தை உங்களுக்கும் பங்குத்தந்தைதான். ஆகவே, “நாங்கள் வாடகைக்குத்தான் இருக்கிறோம், எங்கள் பங்கு ஊரில் இருக்கிறது” என்று ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. பங்கு அலுவலகத்துக்குச் செல்லும்போது ஊர்ப் பங்குத்தந்தையின் கடிதம், பழைய பங்குக் குடும்ப அட்டையின் நகல், நோயாளரின் திருமுழுக்குச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், ஆதார் நகல் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். ஊர்க் கடிதம் வரத் தாமதமானால் அதற்காகக் காத்திருக்காமல், இருக்கும் தாள்களோடு சென்று நிலைமையைச் சொல்லுங்கள். பல பங்குகளில் திங்கட்கிழமை அலுவலகம் இயங்குவதில்லை என்பதால் முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

திருமுழுக்குப் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று அன்றே பாருங்கள். ஏட்டில் மிக்கேல் அந்தோணி என்றும் அரசு ஆவணங்களில் வேறொரு பெயராகவும் இருப்பது நம் தலைமுறை முதியவர்களிடம் மிகச் சாதாரணம். அடக்கம் முடிந்து வாரிசுச் சான்றிதழுக்கு அலையும்போதுதான் அது பெருந்தொல்லையாகும்.

ஊர்ப் பங்கில் ஆண்டுச் சந்தாவோ கோயில் வரியோ பாக்கி இருந்தால் இப்போதே கட்டி ரசீது வாங்கி வையுங்கள். அடக்க நேரத்தில் பழைய பாக்கி பேசப்படுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அதைவிட வேதனை வேறில்லை. வசதி இல்லையென்றால் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏழைகளுக்கு உரிய அடக்கச் சடங்கு மறுக்கப்படலாகாது என்பது திருச்சபைச் சட்டமே.

பதிவு முடிந்ததும் உங்கள் தெருவுக்குரிய அன்பியத்தின் (பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழுவின்) தலைவரைச் சந்தியுங்கள். நள்ளிரவில் அருட்தந்தையை அழைத்து வருவதிலிருந்து வீட்டில் செபமாலை சொல்வதுவரை துணை நிற்கப்போகிறவர்கள் அன்பியத்தார்தாம்.

2. வீட்டுக்கு நற்கருணை வர ஏற்பாடு செய்யுங்கள்

கோயிலுக்கு வர இயலாதவர்களுக்குப் பெரும்பாலான பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியன்று நற்கருணை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) கொண்டுவருவார்கள். நோயாளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி, முகவரியோடு மாடி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். ஞாயிறுதோறும் வேண்டுமென்றால் நற்கருணைப் பணியாளர் வர முடியுமா என்று கேட்கலாம். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செய்ய விரும்பினால் அதை முன்பே தெரிவியுங்கள். அதற்கு அருட்தந்தைதான் வர வேண்டும், வீட்டார் அறையை விட்டு வெளியேறவும் வேண்டும்.

ஒரு சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபம், ஒரு தம்ளர் தண்ணீர், கொஞ்சம் பஞ்சு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மெழுகுதிரி ஏற்றுவது வழக்கம்தான். ஆனால் ஆக்சிஜன் உருளையோ ஆக்சிஜன் செறிவூட்டியோ ஓடும் அறையில் எக்காரணம் கொண்டும் தீ ஏற்றாதீர்கள். மின்விளக்குத் திரி போதும். நற்கருணைக்கு முன்னான ஒரு மணி நேர உபவாசம் முதியோரையும் நோயாளரையும் அவர்களைப் பராமரிப்போரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே மருந்தையோ கஞ்சியையோ தள்ளிப்போட வேண்டாம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அப்பத்தின் மிகச் சிறிய துண்டைத் தண்ணீரோடு கொடுக்கலாம். அதுவும் இயலாதபோது திருஇரத்தத்தை (அர்ச்சிக்கப்பட்ட திராட்சை இரசத்தை) மட்டும் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. அதற்கு அருட்தந்தையிடம் முன்னரே சொல்லி வைக்க வேண்டும்.

3. நோயில்பூசுதலைக் கடைசி மூச்சுவரை தள்ளிப்போடாதீர்கள்

வழிகாட்டி முழுவதிலும் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதுவே. நோயாளருக்காக அருட்தந்தை செபித்து எண்ணெய் பூசும் இந்தச் சடங்கைப் பற்றி, சாகும் தறுவாயில் மட்டும் பெறும் ‘அவஸ்தைபூசுதல்’ என்ற பழைய அச்சம் நம் வீடுகளில் இன்னும் தங்கியிருக்கிறது. சாமியார் வந்து எண்ணெய் பூசினால் நோயாளர் மனம் உடைந்துவிடுவார் என்றும், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்றும் எண்ணி, நினைவு தப்பிய பிறகே ஆள் அனுப்புகிறார்கள். நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும் நிலையிலேயே இந்த அருளடையாளத்தைப் பெறலாம். கடும் நோய்க்கான அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், குறிப்பிட்ட நோய் இல்லாவிட்டாலும் மூப்பினால் மிகவும் தளர்ந்த நிலையிலும் பெறலாம். ஒருமுறை பெற்றவர் நலமடைந்து மீண்டும் நோயுற்றாலோ, அதே நோய் மேலும் தீவிரமானாலோ மறுபடியும் பெறலாம். நோயாளர் நினைவோடு இருந்து, தாமே செபத்துக்குப் பதில் சொல்லி, நெற்றியிலும் இரு உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசப்படும்போது கைகளை விரித்துக் கொடுப்பதைப் பார்த்தவர்கள் இதைத் தள்ளிப்போடச் சொல்லமாட்டார்கள்.

நினைவிழந்தவருக்கும் மறதிநோய் உள்ளவருக்கும் இது மறுக்கப்படுவதில்லை. நினைவோடு இருந்திருந்தால் அவர் விரும்பியிருப்பார் என்று கருத முடிந்தால் போதும். இறந்துவிட்டாரா என்ற ஐயம் இருக்கும்வரையிலும் பூசலாம். இறப்பு உறுதியான பிறகு பூசுவதில்லை, அருட்தந்தை இறந்தவருக்காகச் செபிப்பார். அந்த நேரத்தில் அவரை வற்புறுத்துவது சரியன்று.

இதற்குக் கட்டணம் கிடையாது. வாகனச் செலவுக்கென்று குடும்பத்தார் உறையில் வைத்துக் கொடுப்பது விருப்பக் காணிக்கை. கொடுக்க இயலாதவர்கள் தயங்காமல் அழைக்கலாம்.

இங்கே இரு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, நோயில்பூசுதலை அருட்பணியாளர் மட்டுமே வழங்க முடியும். கன்னியரோ உபதேசியாரோ செபிக்கலாம், பூச இயலாது. இரண்டாவது, நோயாளரின் திருமணம் கோயிலில் நடக்கவில்லை, பல ஆண்டுகளாகப் பூசைக்கே போகவில்லை என்பது போன்ற காரணங்களால் சாமியார் வரமாட்டார் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். இறப்பு ஆபத்தில் இருப்பவரின் பாவங்களை மன்னிக்க எந்தக் குருவுக்கும் அதிகாரம் உண்டு.

4. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அருட்தந்தையை அழைத்துச் செல்லும் முறை

ஞாயிறு காலையில் உங்கள் பங்குத்தந்தை அடுத்தடுத்துத் திருப்பலியில் இருப்பார்; ஆண்டுத் தியானத்துக்கோ மறைமாவட்டக் கூட்டத்துக்கோ சென்றிருக்கவும் கூடும். ஆகவே பங்குத்தந்தை, உதவிப் பங்குத்தந்தை, மருத்துவமனை அமைந்துள்ள பகுதியின் பங்கு, அருகிலுள்ள துறவற இல்லம் என நான்கு எண்களையாவது ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் எந்தக் குருவும் இந்த அருளடையாளத்தை வழங்கலாம்.

மருத்துவமனையில் சேர்க்கும் அன்றே, சமயப் பணியாளர் உள்ளே வர அனுமதி தருவது யார் என்று கேட்டு வையுங்கள். எங்களுக்கு நேர்ந்தது இது: வாயில் காவலர் பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றார், செவிலியர் மேற்பார்வையாளரைக் கேட்கச் சொன்னார், அவர் மருத்துவரைக் கேட்கச் சொன்னார், அதுவரை அருட்தந்தை கையில் எண்ணெய்ச் சிமிழோடு நடைக்கூடத்தில் நின்றிருந்தார். பத்து நிமிடம் போதும் என்பதையும், நோயாளரின் நெற்றியை மட்டும் தொட்டாலே போதும் என்பதையும் சொன்னால் பெரும்பாலும் இசைவார்கள். தொற்று அச்சம் இருந்தால் கையுறை, முகக்கவசத்தோடு பஞ்சு போன்ற ஒன்றைக் கொண்டு பூசவும் சட்டம் அனுமதிக்கிறது.

5. சிகிச்சை முடிவுகள்: திருச்சபை எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை

இரண்டு தவறான எண்ணங்கள் நம்மிடையே உலவுகின்றன. உயிர் கடவுளுக்குரியது, ஆகவே இருக்கிற எல்லா இயந்திரங்களையும் மாட்டியே ஆக வேண்டும் என்பது ஒன்று. இனித் தேறமாட்டார், ஊசி போட்டு அனுப்பிவிடுவதே இரக்கம் என்பது மற்றொன்று. இரண்டையும் திருச்சபை போதிக்கவில்லை.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2276 முதல் 2279 வரையிலான எண்களில் இதைச் சுருக்கமாகச் சொல்கிறது. துன்பத்தை முடிப்பதற்காக ஒருவரின் இறப்பை விளைவிக்கும் செயலும், அதே நோக்கத்தோடு செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் கொலைக்கு நிகரானவை. பெரும் சுமையாகவும் ஆபத்தாகவும், எதிர்பார்க்கும் பலனுக்குப் பொருந்தாததாகவும் இருக்கும் சிகிச்சையை நிறுத்துவதோ, தொடக்கத்திலேயே மறுப்பதோ வேறு. அங்கே யாரும் இறப்பை நாடவில்லை, அதைத் தடுக்க இயலாது என்று ஏற்றுக்கொள்கிறார்கள். முடிவு நோயாளருடையது; அவரால் இயலாதபோது, அவருடைய நியாயமான விருப்பத்தை மதித்து, சட்டப்படி உரிமையுள்ளவர்கள் முடிவெடுக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி நினைப்பதே பாவம் என்று பலர் குமைந்துபோகிறார்கள். 1980இல் கருணைக்கொலை பற்றி வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, குடும்பத்தின்மீது அளவுக்கு மீறிய செலவைச் சுமத்த விரும்பாமல் ஒரு சிகிச்சையை மறுப்பது தற்கொலைக்குச் சமமாகாது என்று தெளிவாகக் கூறுகிறது. தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளைக்கே பல்லாயிரம் ரூபாய் ஆகும் நம் சூழலில், இருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைக்க நோயாளரே விரும்பாவிட்டால் அந்த விருப்பத்துக்கு இடமுண்டு.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன். இந்தச் சிகிச்சையால் நோய் குணமாகுமா, அல்லது இறப்பு சில நாள் தள்ளிப்போகுமா? நோயாளர் படும் துன்பம் எவ்வளவு? ஒரு கால அளவு வைத்துத் தொடங்கி, பலன் இல்லையென்றால் நிறுத்த முடியுமா? நுரையீரல் அழற்சி வந்த, மற்றபடி நலமாக இருக்கும் முதியவருக்குச் சில நாள் செயற்கைச் சுவாசம் கொடுப்பது பொருத்தமான சிகிச்சையாக இருக்கலாம். உடலெங்கும் புற்றுநோய் பரவி உறுப்புகள் செயலிழந்துவரும் ஒருவருக்கு அதே கருவி வெறும் சுமையாகலாம். கருவி ஒன்றே என்றாலும் அறநெறித் தீர்ப்பு நோயாளரின் நிலையைப் பொறுத்தது. இரத்தச் சுத்திகரிப்புக்கும் இதயம் நின்றபின் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சிக்கும் இதுவே அளவுகோல்.

உணவும் தண்ணீரும் தனி விஷயம். மூக்குக் குழாய் வழியாகவோ வயிற்றுக் குழாய் வழியாகவோ கொடுப்பதையும் அடிப்படைப் பராமரிப்பாகவே திருச்சபை கருதுகிறது. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2007இலும் மீண்டும் 2020இலும் இதை எடுத்துரைத்தது. உடல் உணவை ஏற்று அதனால் பயன்பெறும்வரை நிறுத்தக் கூடாது. கொடுத்தது உடலில் சேராத, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறலை மட்டுமே கூட்டும் கடைசி நாட்களில் கொடுத்தே தீர வேண்டும் என்ற கடமை இல்லை. அப்போதும் பஞ்சை நனைத்து உதட்டையும் நாவையும் ஈரப்படுத்துவது, புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைத்துவிடுவது ஆகியவை கடைசிவரை தொடர வேண்டும்.

“மருத்துவ ஆலோசனைக்கு எதிராக அழைத்துச் செல்கிறோம்” என்ற படிவத்தில் கையெழுத்திடுமுன் நிதானியுங்கள். அதோடு வலி மருந்துச் சீட்டும் தொடர் பராமரிப்பும் இல்லாமல் நோயாளர் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடக்கூடும். வீட்டில் வலி தணிப்புச் சிகிச்சை தொடரும் வகையில் விடுவிப்புக் குறிப்பு எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள்.

6. வலியைத் தணிப்பது கடமை

இயேசுவின் பாடுகளோடு சேர்த்துத் துன்பத்தை ஒப்புக்கொடுப்பது நோயாளரின் சுதந்திரமான பக்தி. அதைக் காரணம் காட்டி வலி மருந்தை மறுக்கும் உரிமை உறவினருக்கு இல்லை. ஆயுள் குறையக்கூடும் என்ற ஆபத்து இருந்தாலும், இறப்பை நாடாமல் வலியைத் தணிக்கும் நோக்கில் மருந்து கொடுக்கலாம் என்பதே போதனை. நினைவை மழுங்கச் செய்யும் அளவுக்கு மருந்து தேவைப்பட்டால், அதற்கு முன்பே பாவசங்கீர்த்தனம், நற்கருணை, குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டியவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

மார்ஃபின் எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வழியாகத்தான் கிடைக்கும். அரசு மருத்துவமனையின் வலி தணிப்புப் பிரிவில் பெயர் பதிந்து வைத்துவிட்டால் மாதந்தோறும் அலைய வேண்டியிருக்காது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலி தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாத புற்றுநோயாளருக்குச் சென்னை மாத்தூரில் உள்ள ஜீவோதயா போன்ற காப்பகங்கள் இருக்கின்றன. எங்கே கேட்டாலும் திசுப் பரிசோதனை அறிக்கையும், குணப்படுத்தும் சிகிச்சைக்கு இனி வாய்ப்பில்லை என்ற மருத்துவர் குறிப்பும் கையில் இருக்கட்டும்.

7. நோயாளரின் விருப்பத்தை எழுத்தில் வையுங்கள்

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள் அளித்த தீர்ப்பால், மனத்தெளிவுள்ள வயதுவந்த எவரும் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் எழுதி வைக்கலாம். பேச்சில் இதை லிவிங் வில் என்கிறார்கள். முதலில் நீதித்துறை நடுவர்முன் கையெழுத்திட வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டு, இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும் என்றாயிற்று. சாட்சிகள் சொத்தில் பங்கில்லாதவர்களாக இருப்பது நல்லது. நோயாளரால் பேச இயலாதபோது முடிவெடுக்கும் பொறுப்பாளர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். ஒரு நகலைக் குடும்ப மருத்துவரிடமும், ஒன்றை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அலுவலரிடமும், ஒன்றைப் பொறுப்பாளரிடமும் கொடுங்கள். செலவு பெரும்பாலும் நோட்டரி கட்டணமும் தட்டச்சுக் கூலியும்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கையில் கிடைக்கும் பொதுப் படிவங்களில் “செயற்கை முறையில் உணவு, நீர் தரவேண்டாம்” என்ற வரி பல நேரங்களில் முன்பே அச்சாகியிருக்கும். சட்டம் அதை அனுமதித்தாலும், மேலே சொன்ன போதனையோடு அது அப்படியே பொருந்தாது. அந்த வரியை அடித்துவிட்டு, “என் உடல் ஏற்கும்வரை உணவும் நீரும் தரப்பட வேண்டும், இறப்பை விரைவுபடுத்தும் எதையும் செய்யலாகாது, பலனுக்குப் பொருந்தாத, பெரும் சுமையான சிகிச்சைகள் வேண்டாம், வலி தணிக்கப்பட வேண்டும், கத்தோலிக்க அருட்பணியாளர் அழைக்கப்பட வேண்டும்” என்று எழுதுங்கள். கையெழுத்திடுமுன் பங்குத்தந்தையிடம் ஒருமுறை காட்டுங்கள்.

ஆவணம் இருந்தால் உடனே கருவியை எடுத்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரு வல்லுநர்களும் கொண்ட முதல் குழு, பிறகு வெளியிலிருந்து நியமிக்கப்படும் மருத்துவர் ஒருவரும் வேறு இரு வல்லுநர்களும் கொண்ட இரண்டாம் குழு என இரு குழுக்கள் ஒப்ப வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் கருத்துத் தர வேண்டும் என்பது நெறிமுறை. ஆவணமே இல்லாதபோதும் நெருங்கிய உறவினரின் ஒப்புதலோடு இதே குழுக்கள் முடிவெடுக்கலாம். நடைமுறையில் சில மருத்துவமனைகளுக்கு இது பழக்கமில்லை என்பதால், சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

8. கடைசி மணி நேரங்கள்

இப்போது தரப்படும் நற்கருணைக்கு வழியுணவு என்று பெயர். அன்று ஏற்கெனவே நற்கருணை வாங்கியிருந்தாலும் மறுபடி வாங்கலாம். பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல், வழியுணவு மூன்றையும் ஒரே முறையில் வழங்குவதற்கென்று சடங்குமுறை இருக்கிறது. இறக்கும் தறுவாயில் வழங்கப்படும் பரிபூரண பலனையும் (பாவங்களுக்குரிய தண்டனையை முழுவதும் நீக்கும் திருச்சபையின் அருளையும்) கேட்டுப் பெறுங்கள். வீட்டிலேயே இறக்க விரும்புபவர் என்றால், மூச்சு மாறும்போது யாரை அழைப்பது என்று குடும்பத்தார் அனைவரும் ஒத்த மனத்தோடு முடிவு செய்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கும் ஒரு மகனோ மகளோ ஆம்புலன்ஸை அழைத்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. அவர்களிடம் தொலைபேசியிலேனும் முன்பே பேசிவிடுங்கள்.

9. அடக்கம்

எங்கே அடக்கம் என்பதை நோயாளரிடமே கேட்டுவிடுங்கள். ஊர்க் கல்லறை என்றால் ஊர்ப் பங்குத்தந்தைக்கும் கோயில்பிள்ளைக்கும் (கோயில் பணியாளருக்கும்) தகவல், உடலைக் கொண்டுசெல்லும் செலவு, பதப்படுத்தல் சான்று ஆகியவற்றைத் திட்டமிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இறந்தோருக்கு 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகள் மெட்ராஸ் கல்லறைகள் வாரியத்தின்கீழ் உள்ளன; இட நெருக்கடி மிகுதி என்பதால் குடும்பக் கல்லறை இருந்தால் அதன் தாள்களைத் தேடி எடுத்து வையுங்கள். குழிக் கட்டணம், பெட்டி, வண்டி, பாடகர் குழு என்று ஒவ்வொரு பங்கிலும் தொகை மாறும். அலுவலகத்தில் பட்டியல் கேட்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

உடலை எரிப்பதைத் திருச்சபை தடைசெய்யவில்லை. ஆனால் 2016இல் வெளியான அறிவுறுத்தலின்படி சாம்பலை வீட்டில் வைப்பதோ கடலிலோ ஆற்றிலோ கரைப்பதோ கூடாது. கல்லறையிலோ அதற்கென்று ஒதுக்கப்பட்ட புனித இடத்திலோ வைக்க வேண்டும்.

10. இறப்புப் பதிவும் பங்கு ஏடும்

மருத்துவமனையில் இறந்தால் பதிவுக்கான தகவலை அவர்களே அனுப்புவார்கள். பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவற்றை எழுத்துப் பிழையில்லாமல் கொடுப்பது உங்கள் பொறுப்பு. வீட்டில் இறந்தால், கடைசி நோயில் பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்றைப் படிவம் 4அ வடிவில் பெற்று, உள்ளாட்சி அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதற்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் உயர் அலுவலரின் ஆணை பெற்றே பதிய முடியும். தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவர் ஒருவர் இல்லையென்றால் இந்தச் சான்று கிடைப்பது கடினமாகும். மாதம் ஒருமுறையாவது ஒரு மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்த்துக் குறிப்பெழுதும்படி செய்து கொள்ளுங்கள்.

அடக்கம் நடந்த பங்கின் இறப்பு ஏட்டிலும் பதிவு நடக்க வேண்டும். துணையை இழந்தவர் பின்னாளில் கோயிலில் மறுமணம் செய்ய நேர்ந்தால் அந்தச் சான்று கேட்கப்படும். அடக்கம் முடிந்த வாரத்திலேயே, முப்பதாம் நாள் பூசைக்குக் கருத்து (யாருக்காகப் பூசை என்ற குறிப்பு) எழுதச் செல்லும்போது, அரசுச் சான்றிதழின் நகல் ஒன்றை எடுத்துச் சென்று, ஏட்டில் பெயரும் நாளும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்து வாருங்கள்.